பெர்த்தாம் ஆற்றோடு மேலேறலாம்: கேமரன் மலையில் பிள்ளைகளோடு இரண்டு நாள்

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் பிரிஞ்சாங்கிலிருந்து கீ ஃபார்ம் போகும் சாலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். முன்னால் சுற்றுலாப் பேருந்து, பின்னால் காய்கறி லாரி. பின் இருக்கையில் ஒரு பிள்ளை தூங்கிவிட்டது, இன்னொன்று கழிவறை கேட்கிறது. ஸ்ட்ராபெரி தோட்டம், தேனீப் பண்ணை, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, கள்ளிச்செடித் தோட்டம் எல்லாம் அதே சாலையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்கும் குடும்பம் மாலையில் கையில் மிஞ்சிய டிக்கெட்டுகளோடும் அழுத பிள்ளையோடும் அறைக்குத் திரும்பும்.

இந்த அத்தியாயம் வேறொரு வழியைச் சொல்கிறது. மலையைச் சாலைவழியாகப் பார்க்காமல் ஆற்றுவழியாகப் பார்க்கலாம். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலைப்பக்கம் ஊறி, பிரிஞ்சாங், தானா ராத்தா ஊர்களைக் கடந்து, ராபின்சன் அருவியாக விழுந்து, ஹாபு வழியாக ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. அணைக்குக் கீழே அது தொடரும் பள்ளத்தாக்குதான் லெம்பா பெர்த்தாம். பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் மலையுச்சி 2,032 மீட்டர். ஒரு சிறிய கார் பயணத்துக்குள் காய்கறித் தோட்டம், அணை, தேயிலை, ஊர்ப்பூங்கா, மேகக்காடு ஆகிய ஐந்தும் அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. கீழிருந்து மேலே போனால், தாங்கள் பார்ப்பது ஒரே தண்ணீரைத்தான் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

விதி இரண்டுதான். ஒரு காலைக்கு ஆற்றின் ஒரு பகுதி. காலையில் வெளியே, மதியத்துக்கு மேல் கூரைக்குக் கீழே. காலை வெயிலில் எழும் ஈரக்காற்று மலையில் முட்டி மேகமாகி, பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கொட்டித் தீர்க்கும். அதனால் எட்டரைக்குள் கிளம்பும் குடும்பத்துக்கு நனையாத நான்கைந்து மணி நேரம் கிடைக்கும். பத்தரைக்குக் கிளம்பினால் மழையும் நெரிசலும் சேர்ந்து வரும்.

மலையேறும் முன்

வழி இரண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை 1930களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் புதிய சாலை அகலமானது, வளைவுகளும் இளகியவை. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் யோசிக்காமல் சிம்பாங் பூலாய் வழியைப் பிடிக்கலாம். தாப்பா வழிதான் என்றால் காலையில் தேங்காய்ப்பால் நாசி லெமாக் வேண்டாம். இரண்டு இட்லியோ வெறும் ரொட்டியோ போதும். பாதிவழியில் சாலையோரமாகவே விழும் லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். மேலேறும்போது காது அடைத்தால் பெரிய பிள்ளைக்கு மிட்டாய், கைக்குழந்தைக்குப் பால். விழுங்கினால் அடைப்பு விட்டுவிடும்.

குளிர் என்றதும் தடித்த கம்பளிச் சட்டைகளால் பையை நிரப்பத் தேவையில்லை. பகலில் 20 பாகையைத் தாண்டும், இரவில் 15 பாகை வரை இறங்கும். மெல்லிய உடைகளை இரண்டு அடுக்காகப் போட்டால் கழற்றவும் மாட்டவும் வசதி. ஆளுக்கொரு மழைக்கோட்டு, கூடுதலாக இரண்டு ஜோடிக் காலுறை, வழுக்காத காலணி, தொப்பி இவை முக்கியம். குளிர்காற்றில் வெயில் உறைக்காது. ஆனால் அந்த உயரத்தில் தோல் சீக்கிரம் சிவந்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் அதிகம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மலை இது. ஆகவே எந்த மாதத்திலும் மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது. ‘போ’ (BOH) நிறுவனத்தின் தேயிலை மையங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

லெம்பா பெர்த்தாம்: விளக்கெரியும் பூக்கொட்டகைகள்

ரிங்லெட் ஊரிலிருந்து கீழே பிரியும் சாலை பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. உள்ளூரில் ‘பெர்த்தாம் வேலி’ என்றால்தான் சட்டென்று புரியும். இங்கே நுழைவாயிலோ டிக்கெட் கௌண்டரோ கிடையாது. மலைச்சரிவுகளில் படிப்படியாக நெகிழிக் கூரைகள், அவற்றுக்குக் கீழே தக்காளி, குடைமிளகாய், கீரை, செவ்வந்தி. பெரியவர்களின் கண்ணுக்கு இந்தக் கூரைகள் அழகில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே ‘செடிக்கு எதுக்கு வீடு?’ என்பதுதான். பதில் சுலபம். இங்கே கொட்டும் மழை இளம் இலையைக் கிழித்துவிடும். எந்நேரமும் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை பிடிக்கும். கூரை போட்டால் தண்ணீரை வேருக்கு மட்டும் அளந்து விடலாம்.

இருட்டியபின் அதே பாதையில் ஒருமுறை காரில் வந்தால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. சில கொட்டகைகளில் வரிசை வரிசையாக மஞ்சள் விளக்குகள் எரியும். அவை செவ்வந்திப் பூவுக்கானவை. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். இரவில் வெளிச்சம் காட்டி இரவைச் சுருக்கிவிட்டால் செடி பூக்காமல் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டு போகும். தண்டு வேண்டிய உயரத்துக்கு வந்ததும் தோட்டக்காரர் விளக்கை அணைக்கிறார். செடி பூக்க ஆரம்பிக்கிறது. திருமணத்துக்கும் கோயிலுக்கும் பூ எப்படி நாள் பார்த்து வருகிறது என்று பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, கார் கண்ணாடி வழியாக இரண்டு நிமிடம் பார்த்தாலே விளங்கிவிடும்.

இவை தனியார் தோட்டங்கள், சுற்றுலா இடங்கள் அல்ல. வெளியே நிற்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மருந்து அடித்த நாளாக இருக்கலாம் என்பதால் செடியைத் தொடுவதோ பறித்துத் தின்பதோ கூடாது. வெளியே வந்ததும் பிள்ளைகளின் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஆற்றில் மட்டும் இறங்கவே கூடாது. மேலே இருப்பது சுல்தான் அபு பக்கார் அணை. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, சேறும் வெள்ளமும் இந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தன. உயிர்கள் போயின, வீடுகளும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் கணுக்கால் அளவே ஓடினாலும், ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. மேலே மலையில் மேகம் கருத்திருந்தால் பாலத்தருகிலும் நிற்க வேண்டாம்.

ரிங்லெட் ஏரி: ஆறு திசைமாறும் இடம்

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் சாலையில் வலப்புறம் ஏரி தெரியும். 1963இல் முடிந்த அணையால் உருவான செயற்கை ஏரி அது. இங்கே கால்மணி நேரம் நின்றால் போதும். சொல்வதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. பெர்த்தாம் ஆறு இயல்பாக ஓடினால் கிழக்கே போய், பகாங் ஆற்றோடு சேர்ந்து, தென்சீனக் கடலில் கலக்கவேண்டும். ஏரியில் தேங்கும் தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்று மேற்கே பேராக் பக்கம் கொண்டுபோகிறது. அங்கே ஜோரில் உள்ள சுல்தான் யூசோப் நிலத்தடி மின்நிலையத்தில் விழுந்து மின்சாரமாகிவிட்டு, அந்தத் தண்ணீர் கடைசியில் மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேர்கிறது. வரைபடத்தை விரித்து இரண்டு கடலையும் பிள்ளையின் விரலாலேயே தொடச் சொல்லலாம்.

ஏரியின் நிறம் பல நாட்களில் மண்ணிறம்தான். மேலே மரம் வெட்டித் தோட்டம் போட்ட சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண் அது. அதைத் தூர்வாரி எடுப்பதே மின்வாரியத்துக்கு ஓயாத வேலை. மேலே போகப்போக அதே ஆறு எந்த இடத்தில் தெளிகிறது என்று கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் முழுக்க அவர்களுக்கு ஒரு வேலை இருக்கும்.

தேயிலை: பசுமைக்கு நடுவில் நடப்பது

ஹாபுவில் பிரியும் ஒற்றைத்தடச் சாலை போ தோட்டத்துக்குப் போகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய தோட்டம். இலங்கையில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்ற தேயிலைக்காரர் உடன் நின்றார். காட்டை வெட்டிக் கன்று நட்டது பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். அன்று நட்ட செடிகளில் சில இன்றும் கொழுந்து விடுகின்றன. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் பிரதான சாலையை ஒட்டியே இருப்பது பாரத் நிறுவனத்தின் கேமரன் வேலி தோட்டம். அது 1933இல் தொடங்கியது. தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் நடக்கமுடியாத தாத்தா பாட்டியோடு வருபவர்களுக்கும் பாரத் வசதி. காரை நிறுத்தினால் எதிரே தேயிலைதான். குறுகிய சாலைக்குப் பயப்படாதவர்கள் போவுக்குப் போகலாம். வளைவில் ஹார்ன் அடித்துத்தான் திரும்பவேண்டும்.

படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாமல், ஒரு செடியின் முன் பிள்ளைகளை உட்காரவைத்தால் நிறைய இருக்கிறது. மேலே இடுப்பளவு, தட்டையாக வெட்டிவிட்ட பச்சை. குனிந்து அடியில் பார்த்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும் தடித்த அடிமரம், அதன்மேல் சாம்பல் நிறப் பாசி. தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும் என்பதைப் பெரியவர்களில் பலரும் இங்கேதான் முதல்முறை அறிந்துகொள்கிறார்கள். நுனியில் விரியாத மொட்டும் அதை அடுத்த இரண்டு இலைகளும்தான் கொழுந்து. அதைத் தொட்டால் வழவழப்பு. நாலாவது இலை தோல்போல் விறைப்பாக இருக்கும். தொழிலாளர் அனுமதித்தால் ஒரு கொழுந்தை வாங்கிக் கையில் கசக்கி, காகிதத்தில் வைத்து அரைமணி கழித்துப் பார்க்கச் சொல்லலாம். வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதுபோல ஓரங்கள் பழுப்பேறியிருக்கும், மணமும் மாறியிருக்கும். ஆலையில் வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டு, உலர்த்தி, சலித்து எடுப்பதில் நடுவில் நடப்பது இதுதான். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும்.

கூடையும் கைவிரலுமாகக் கொழுந்தெடுக்கும் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இப்போது பெட்டி பொருத்திய கத்தரிக்கோலும், இருவர் இருபக்கமும் பிடித்து நடக்கும் இயந்திரமும்தான் பரவலாகத் தெரியும். வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பிறந்தவராக இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடமே விட்டுவிடலாம். அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கமாட்டார். லயத்து வீடுகளையும் வாசலில் இருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தானா ராத்தா: கட்டணமில்லாத காலை

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தேயிலையும் அணையும் அலுத்துப்போகும். அவர்களுக்கு வேண்டியது ஊஞ்சலும் சறுக்கும் ஓடப் புல்லும். தானா ராத்தாவில் பிரதான சாலையை ஒட்டியுள்ள விளையாட்டுத் திடல் அதற்குப் போதும். காலையில் சாலையோரக் கடையில் ரொட்டி சானாயும் மைலோவும் முடித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம்.

ஊரையொட்டித் தொடங்கும் காட்டுப்பாதைகளுக்கு எண்கள் உண்டு. பிள்ளைகளுக்கு ஏற்றது நான்காம் எண் பாதை. பரிட் அருவி வரை, பெரும்பகுதி சமதளம். சிறுவர்கள் நின்று நின்று நடந்தாலும் அரைமணிக்குள் போய்விடலாம். மேலே ஊர் இருப்பதால் அருவி நீர் சுத்தமானதல்ல. குளிக்கவோ குடிக்கவோ வேண்டாம். போகும் வழியே இங்கு விசேஷம். ஆளுயரப் பெரணிகள், மரத்தில் தொற்றிய ஆர்க்கிட், மேலே சலசலக்கும் குரங்குகள். ஒன்பதாம் எண் பாதை ராபின்சன் அருவிப்பக்கம் போகிறது. அருவி வரை பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் போய்வரலாம், அதற்கப்பால் செங்குத்தான இறக்கம். ஜாசார், பெரெம்பான் மலைகளுக்கு ஏறும் பாதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல.

தானா ராத்தாவிலேயே மார்டி எனப்படும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டம் இருக்கிறது. ரோஜா, பழமரங்கள், மூலிகை என்று பெயர்ப்பலகையோடு நிற்பதால் கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு நல்லது. சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ உள்ள குடும்பம் காட்டுப்பாதைக்குப் பதிலாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

சுங்கை பாலாசும் பாசிக்காடும்

ஆற்றின் தலைப்பக்கம் போவது இரண்டாம் நாள் காலை. பிரிஞ்சாங்கைத் தாண்டிப் பிரியும் மலைச்சாலையில் முதலில் போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் வரும். சரிவுக்கு வெளியே நீண்டு நிற்கும் தேநீர் மேடை, ஆலைக்குள் நடைபாதை, கழிவறை, பலகாரம் என்று குடும்பத்துக்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. ஒன்பது மணிக்குப் போனால் மேடையில் இடம் கிடைக்கும். பதினொன்றுக்கு வரிசையில்தான் நிற்கவேண்டும்.

அதே சாலை மேலே பிரிஞ்சாங் உச்சிப்பக்கம் போகிறது. அங்கே இருப்பது பாசிக்காடு. மேகம் எப்போதும் உரசிக்கொண்டே இருப்பதாலும், காற்றாலும், ஊட்டம் குறைந்த புளித்த மண்ணாலும் மரங்கள் இங்கே உயரமாவதில்லை. முறுக்கிக் குட்டையாக நின்று, தண்டு முழுக்கப் பாசியைப் போர்த்திக்கொள்கின்றன. பாசியில் விரலை லேசாக வைத்தால் குளிர்ந்த நீர் கசியும். மழை நின்று வெகு நேரமான பிறகும் ஆற்றுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். நேற்று ஏரியில் மண்ணிறமாகத் தெரிந்த தண்ணீர் இங்கே தெளிவாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேடிப் பார்க்கவேண்டியது குடுவைச் செடி. மலாயில் பெரியோக் கெரா. இலைநுனியில் தொங்கும் மூடிவைத்த குடுவைக்குள் பாதியளவு திரவம் இருக்கும்; எட்டிப் பார்த்தால் மூழ்கிய எறும்பும் ஈயும் தெரியும். மண்ணில் கிடைக்காத சத்தைச் செடி பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குடுவையைக் கிள்ளுவதும் விரலை விடுவதும் கூடாது. பலகைப் பாதையை விட்டுக் கீழே இறங்கினால் ஒரே மிதியில் பல ஆண்டுப் பாசி போய்விடும்.

நடைபாதை பழுதுபார்ப்புக்காக இடையிடையே நீண்ட நாள் மூடப்பட்டிருக்கிறது. மேல்சாலையும் குறுகலானது, சில இடங்களில் சிதைந்தது. ஆகவே முதல் நாள் மாலையே தங்குமிடத்தில் விசாரித்துக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டியின் நான்கு சக்கர இயக்க வண்டியில் போவதே மேல். மூடியிருந்தால் வருத்தப்படவேண்டியதில்லை. சுங்கை பாலாஸ் சாலையோரத்திலேயே காலைநேரத்தில் மலைப்பறவைகள் கூட்டமாக வரும். ஒரு ஜோடித் தொலைநோக்கி போதும்.

மழை பெய்யும் மதியங்கள்

பண்ணைகளை மதியத்துக்கு ஒதுக்கலாம், ஒரு மதியத்துக்கு ஒன்று. ஸ்ட்ராபெரியை நாமே பறிக்கும் தோட்டங்களில் எடைக்குக் காசு. கூடையைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீ ஃபார்ம் பகுதி வண்ணத்துப்பூச்சிப் பண்ணையில் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கை, கறுப்பில் பச்சை மின்னும் சிறகோடு, அருகில் பார்க்கலாம். பிரிஞ்சாங்கில் உள்ள டைம் டன்னல் அருங்காட்சியகத்தில் பழைய கேமரன் மலைப் படங்களும் அந்தக்கால வீட்டுச் சாமான்களும் இருக்கின்றன. பாட்டிமார் பிள்ளைகளைவிட அதிக நேரம் நிற்பார்கள். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலும் மழைக்கு ஒதுங்க நல்ல இடம். இரவில் தங்குமிடத்து வாசல் விளக்கைச் சுற்றிப் பார்த்தால் கையகல அந்துப்பூச்சிகள் சுவரில் ஒட்டியிருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

காடு அருகிலேயே இருக்கிறது

1967 மார்ச் 26 அன்று, தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் நடக்கக் கிளம்பினார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கும் ஊர் இது என்பதை மறக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே நின்று மூன்று முறை ஊதவேண்டும் என்று பழக்கிவிட வேண்டும். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். பிற்பகலில் புதிய பாதையில் ஏறவேண்டாம்.

மழை பெய்த மறுநாள் பாதையில் அட்டை இருக்கும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிட்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறினால் பயமுறுத்தாமல் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டுக் கழுவி, பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும். அவசரத்துக்கு 999. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. சொந்த மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு அதைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள் காலை ரிங்லெட்டில் பசியாறிவிட்டு லெம்பா பெர்த்தாம், அங்கிருந்து ஏரிக்கரை, பிறகு போ அல்லது பாரத் தோட்டம். மதியம் ஒரு பண்ணை. மாலை அறையில் ஓய்வு. தெம்பு இருந்தால் இருட்டியபின் பூக்கொட்டகை விளக்குகள். வெள்ளி, சனிக்கிழமை என்றால் அதற்குப் பதிலாகப் பிரிஞ்சாங் பக்கத்துப் பாசார் மாலாமில் சூடான சோளமும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். இரண்டாம் நாள் காலை சுங்கை பாலாசும் பாசிக்காடும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பாசிக்காட்டை விட்டுவிட்டுத் தானா ராத்தா திடலும் நான்காம் எண் பாதையும். மூன்றாவது நாள் கிடைத்தால் புதிய இடம் சேர்க்காமல், பிள்ளைகள் மறுபடி கேட்கும் இடத்துக்கே போகலாம்.

கொண்டுவந்த பால் பெட்டி, பிஸ்கட் உறை, ஈரத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கீழே எடுத்துப்போய்விட வேண்டும். மேலே வீசிய நெகிழி, ஆற்றோடு வந்து ரிங்லெட் ஏரியில்தான் சேர்கிறது. தாப்பா வழி இறங்குபவர்கள் மாலை நான்கு மணிக்குள் ரிங்லெட்டைத் தாண்டிவிடுவது நல்லது. அதற்குமேல் அந்தச் சாலையில் மழையும் மூடுபனியும், சந்தைக்கு இறங்கும் காய்கறி லாரிகளும் சேர்ந்துகொள்ளும்.